பதினாறு கட்டம் மௌனம்

நாவிதன் ஒரோன்சோவின் பெண்டாட்டி லொரேத்தாவை எங்கள் ரொக்காச்சேராவில் முழுசாக நம்பினவர்கள் குறைவு. அவள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் மற்றவர்கள் படிக்க முடியாத ஒன்றை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அதுவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எழுதினாள். ஒரு ஊர் சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

தெற்குக் காற்று அடித்தால் ஈர மையில் புழுதி ஒட்டும், அதற்காகத்தான் சாத்தினாள். எதிர்வீட்டு வீத்தா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. துணி காயப்போடும்போதெல்லாம் கொடிக்கு அந்தப் பக்கம் நிற்பவளிடம் சொல்லுவாள்: "காத்துக்காகவாம்டி! நாமெல்லாம் காத்து வேணும்னா ஜன்னலைத் திறப்போம். இவ மூடுறா. என்னத்த எழுதுறாளோ, யாருக்கு எழுதுறாளோ."

சண்டைக் காலத்தில் காவல்காரர்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள். புள்ளியும் கோடுமாக இருக்கிறது, எதிரிக்குப் போகிற சங்கேதமாக இருக்கும் என்று அவள் காகிதங்களை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, மூலையில் நீலப் பென்சிலால் 'பார்வையிடப்பட்டது, ஒன்றும் விளங்கவில்லை' என்று எழுதியிருந்தது. லொரேத்தா அதை அழிக்கவில்லை. ஊர் தனக்குக் கொடுத்த ஒரே நற்சான்று அதுதான் என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவள் எழுதியது எங்கள் ஊர் பாண்டு வாத்தியக்காரர்களுக்கான சுரக்குறிகள். நாற்பது பேருக்கு நாற்பது அட்டை. ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டுமல்லவா, அதனால் உள்ளங்கை அளவு அட்டையில் பொடி எழுத்தில் எழுதி, வாத்தியத்தின் மேலேயே ஒரு கவ்வியில் செருகி வைப்பார்கள். மழையும் மெழுகுவர்த்தி மெழுகும் பட்டு நாலைந்து வருஷத்தில் அட்டை பாழாகிவிடும். மறுபடி எழுதுவாள். பதினாறு வருஷமாக அதுதான் அவள் வேலை.

இதை அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாண்டில் சேர வருகிறவன் கையில் எடுத்தவுடன் வாத்தியத்தைக் கொடுக்கமாட்டார்கள். முதல் ஒரு வருஷம் வெறும் வாய்தான். குறியைப் பார்த்து வாயால் பாட வேண்டும், கையால் தாளம் போட வேண்டும். பாண்டு மாஸ்டர் தோன் எவரிஸ்தோ அந்த வகுப்பை ஒரோன்சோவின் கடையில், சாயங்காலம் கடை கட்டின பிறகு நடத்தினார். அங்கே நாற்காலியும் விளக்கும் இருந்தன. கண்ணாடியும் இருந்தது. முதுகைக் காட்டி நின்றுகொண்டே, எவன் கை தாளம் தப்புகிறது என்று கண்ணாடியில் பார்த்துவிடுவார். ஆளை நம்பாத மனுஷன்.

கடைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு திரை மட்டும்தான். அந்தப் பக்கம் கொத்தனும் செருப்புத் தைப்பவனும் கோவேறு கழுதை ஓட்டுகிறவனும் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம், கல்யாணமாகி மூன்றாவது வருஷத்தில் இருந்த லொரேத்தா கட்டைவிரலால் மாவை அழுத்தி, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காது மடல் போல உருட்டிப் பலகையில் போட்டுக்கொண்டிருப்பாள்.

"அஞ்சு கோடு, நடுவுல நாலு இடுக்கு" என்பார் தோன் எவரிஸ்தோ. "அடிக்கோட்டுல உக்காந்தா மி, அதுக்கு மேல இடுக்குல நுழைஞ்சா ஃபா. முன்னாடி சாவிக்குறி போட்டிருக்கு பாரு. சாவி இல்லாம எவன் வீட்டுக்குள்ளடா போவ? கை எங்க? கீழ, உள்ள, வெளிய, மேல!"

கீழே, உள்ளே, வெளியே, மேலே. நாலு தட்டு ஒரு கட்டம். லொரேத்தா நாலு உருண்டையை ஒரு கட்டமாக எண்ணிப் போட்டாள். வரிக்கு மேலே எழுதும் சொற்களை அவர் வாசிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மெல்ல. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. அவசரப்படாமல். மறுபடி தலையிலிருந்து. அவள் மாமியார் அடுப்படியில் நின்று சொன்னதும் இதேதானே!

மௌனக்குறியைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு மட்டும் அவள் மாவை விட்டுவிட்டுக் கேட்டாள். நாலாவது கோட்டிலிருந்து தொங்கும் சின்னக் கறுப்புச் செங்கல் அது. ஒரு கட்டம் முழுக்க வாசிக்காதே என்று அர்த்தம். கொத்தன் அதைப் பார்த்ததும் கையை மடியில் வைத்து ஓய்வெடுத்தான்.

"கையைத் தூக்குடா!" என்று கத்தினார் தோன் எவரிஸ்தோ. "சும்மா இருக்கறதும் வாசிப்புதான். அதையும் எண்ணணும். மௌனத்துல கையை நிறுத்துறவன் திருடன். எனக்குத் திருடனோட வேலை இல்ல."

அவள் மாட்டிக்கொண்டது பிப்ரவரியில். கொத்தன் ஃபா பாட வேண்டிய இடத்தில் நாலு தரம் சோல் பாடினான். ஐந்தாவது தரம், திரைக்குப் பின்னாலிருந்து, "ஃபா" என்று ஒரு குரல் சரியான உயரத்தில் வந்தது.

எல்லாத் தலையும் திரையின் பக்கம் திரும்பியது. "யாரது?" என்றான் செருப்புத் தைப்பவன்.

"எலி" என்றான் ஒரோன்சோ. அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

தோன் எவரிஸ்தோ திரையை விலக்கினார். மாவுக் கையோடு நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீட்டு எலி உன்னைவிட நல்லாப் பாடுதே, ஒரோன்சோ" என்றார்.

அப்போதே அவருக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. பெண்பிள்ளைக்கு எங்கள் பாண்டில் இடமில்லை. ஆனால் அட்டை எழுதுவதற்கு மீசை தேவையில்லை என்று அவர் முடிவு செய்தார். ஒரே இழுப்பில் ஐந்து கோடு விழும் ஐந்து மூக்குப் பேனாவைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். வருஷங்கள் போகப் போக, வாத்தியங்கள் இருக்கும் கோயில் அலமாரியின் இரண்டாவது சாவியையும் கொடுத்தார். லொரேத்தாவுக்குச் சொந்தமென்று சொல்ல உலகத்தில் இருந்தது இந்தப் பேனாவும் சாவியும்தான். தாலி கட்டின மாதிரி சாவியைக் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டாள்.

ஒரோன்சோ அதை விரும்பினானா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் முட்டி மோதி அவன் படித்ததை, அவள் ஒரு குளிர்காலத்தில் மாவு பிசைந்தபடியே படித்துவிட்டாள். அவனுக்குக் குறியைப் பார்த்து வாசிக்க வரும், எழுத வராது. அவன் வாசித்தது பொம்பார்தினோ. மடியில் குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துப் பிடிக்கிற பெரிய பித்தளைக் குழல் அது. ஊர்வலத்துக்கு முன்னால் அட்டைகளைக் கொடுத்ததும் எல்லோரும் தங்கள் அட்டையைச் சரிபார்ப்பார்கள். ஒரோன்சோ தன்னுடையதை நாற்பது பேர் பார்க்க உயரத் தூக்கிப் பிடிப்பான். "இங்க பாருங்கையா, எம்பொண்டாட்டி மையைச் சிந்தியிருக்கா! இது சுரமா, ஈ எச்சமா?" சிரிப்பு எழும். பதினாறு வருஷத்தில் ஒருதரம்கூட அவன் இதைத் தவறவிட்டதில்லை. வேடிக்கைதானே என்று அவளும் சிரித்து வைத்தாள்.

புனித வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்கு எங்களுக்கென்று ஒரு நடை, அதாவது நடந்துகொண்டே வாசிக்கிற ஒரு உருப்படி, உண்டு. பெயர் 'தாயின் நடை'. அறுபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் பழைய மாஸ்டர் ஒருவர் கட்டியது. மாதாவின் சிலையைத் தூக்குகிறவர்கள் அதற்கேற்ப ஆடி ஆடி அடி வைப்பார்கள். அடுத்த ஊரான தோர்மாலாக்காரர்களுக்கு அதன்மேல் அறுபது வருஷமாக ஒரு கண். மேல் ராகம் எல்லோருக்கும் தெரியும், எங்கள் காக்காய்கூட அதைக் கத்தும். ஆனால் நடுப்பகுதியில், மேல் ராகத்துக்கு அடியில், பொம்பார்தினோ தனியாக ஒரு ராகம் பாடும். பதினாறு கட்டம். கல்நெஞ்சும் அங்கேதான் கரையும். கூட்டத்தில் நின்று கேட்டு அதைப் பிரித்தெடுக்க யாராலும் முடிந்ததில்லை. அது அட்டையில்தான் இருந்தது, அட்டை அலமாரியில் இருந்தது. ஊர்வலம் முடிந்த கையோடு தோன் எவரிஸ்தோ ஒவ்வொருத்தன் கையிலிருந்தும் பிடுங்கி எண்ணிப் பூட்டிவிடுவார். ஒருத்தனும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

அந்த வருஷம் ஜனவரியில் லொரேத்தா 'தாயின் நடை'க்குப் புது அட்டைகள் எழுதினாள். பொம்பார்தினோ அட்டையில் ஒரு பிழை விட்டாள். அந்த உருப்படியில் லா சுரம் எப்போதும் அரைப்படி இறங்கித்தான் ஒலிக்க வேண்டும், அதற்கான குறி தொடக்கத்திலேயே இருக்கும். பதினாறு கட்டத்தில் ஒரே ஒரு இடத்தில், ராகம் மேலே ஏறும்போது மட்டும், அந்த லாவை இறக்காமல் நிமிர்த்தி வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் நிமிர்த்துக்குறி என்று ஒரு பொடிச் சதுரக் குறியைப் போட வேண்டும். அதைப் போட மறந்துவிட்டாள்.

கையால் தாளம் போட்டுச் சரிபார்த்தபோது கண்டுபிடித்தாள். இடுக்கில் செருகிவிடலாம். ஆனால் இடுக்கில் செருகின குறியோடு ஒரு அட்டையும் அவள் கையைவிட்டுப் போனதில்லை. பெருமை யாரை விட்டது? புதிதாக ஒன்று எழுதினாள். கெட்ட அட்டையை அடுப்புப் பக்கத்தில் சுள்ளிப் பெட்டியில் போட்டு, "நாளைக்கு இதை வெச்சு அடுப்பு பத்தவை" என்று ஒரோன்சோவிடம் சொன்னாள். அவன் சரியென்றான். அதோடு அவள் மறந்தும்போனாள்.

தோர்மாலாவில் ஊர்வலம் வியாழக்கிழமை சாயங்காலம், எங்களுக்கு ஒருநாள் முந்தி. பாதி ரொக்காச்சேரா குறை கண்டுபிடிக்கவே நடந்து போகும். லொரேத்தாவும் வீத்தாவோடு போனாள். ஒரோன்சோ தலைவலி என்று வரவில்லை. தோன் எவரிஸ்தோ தோர்மாலா மண்ணை மிதிப்பதில்லை என்று எப்போதோ சத்தியம் செய்தவர்.

சிலை வாசலைத் தாண்டியதும் அவர்கள் பாண்டு எடுத்தது 'தாயின் நடை'யை.

எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள். "நம்ம மாதாவோடதுடி இது!" என்று வீத்தா மார்பில் அடித்துக்கொண்டாள். நடுப்பகுதி வந்தது. பொம்பார்தினோ அடியிலிருந்து ஏறியது. ஏறி, அந்த இடத்துக்கு வந்து, லாவை இறக்கியே வாசித்தது. நிமிரவில்லை. யாரோ தொண்டையைப் பிடித்துத் திருகினது போல அந்தச் சுரம் விசும்பியது.

கூட்டத்தில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. லொரேத்தாவுக்கு அது எந்த அட்டை என்றே தெரிந்துவிட்டது. அந்தச் சுரத்தை யாரும் எங்கள் ஊரில் காதால் கேட்டிருக்க முடியாது. அது எந்த ஊர்வலத்திலும் ஒலித்ததில்லை, எந்த அலமாரியிலும் இருந்ததில்லை. உலகத்தில் ஒரே ஒரு அட்டையில் இருந்தது. அந்த அட்டை அவள் வீட்டு அடுப்பில் சாம்பலாகியிருக்க வேண்டும். 'லொரேத்தா கை தப்பாது' என்று தோர்மாலா மாஸ்டரும் நம்பி, அட்டையில் உள்ளதை அப்படியே வாசிக்க வைத்திருக்கிறார். அவள் பெயரே அவளுக்கு எதிரியானது.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. நாலு திங்களாக ஒரோன்சோ சவரக்கத்தி சாணை பிடிக்க என்று தோர்மாலா போய் வந்தான். நம்ம ஊரில் சாணைக்கல் இல்லையா? மீசைக்குப் புதிதாக மெழுகு போட ஆரம்பித்திருந்தான். கோடையில் தோர்மாலா பாண்டு ஊர் ஊராகப் போய் மேடையில் நாடகப் பாட்டெல்லாம் வாசிக்கும். முன்னால் தனியாக நின்று வாசிக்க அவர்களுக்கு ஒரு பொம்பார்தினோக்காரன் தேவை என்று அவனே ஒருநாள் சாப்பாட்டில் சொன்னான். இங்கே அவன் இருபத்திரண்டு வருஷமாக அடியில் ஓடுகிற ராகம்தான், முன்னால் நின்றதே இல்லை. அப்போது அவள் காதில் வாங்காத பேச்செல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது.

பக்கத்தில் நடந்த வீத்தா வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஏண்டி லொரேத்தா, அந்த அட்டையெல்லாம் நீதானே வீட்ல வெச்சு எழுதின?"

"ஆமா."

"ஜன்னலைச் சாத்திக்கிட்டு."

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஊர் தீர்ப்பெழுதிவிட்டது.

காலையில் தோன் எவரிஸ்தோ வந்தார். ஒரோன்சோ கடையில் இருந்தான். ஊர்வலத்துக்காகச் சவரம் செய்துகொள்ள ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நேராகத் திரையை விலக்கி அடுப்படிக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார்.

"மேல் ராகத்தை எவன் வேணா திருடலாம். அடி ராகம் காகிதத்துல இருந்துச்சு. காகிதம் ஒரு மாசம் இந்த மேசைமேல இருந்துச்சு."

"நான் குடுக்கல, மாஸ்டர்."

"பின்ன யாரு? எலியா?"

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? கெட்டுப்போன அட்டை என்றால், அது எங்கே இருந்தது என்பார். என் சுள்ளிப் பெட்டியில் என்றால், அப்படியானால் உன் வீட்டிலிருந்துதான் போனது என்பார். உண்மையைச் சொன்னாலும் அது அவள் கழுத்தைத்தான் சுற்றும். திரைக்கு அந்தப் பக்கம் சவரக்கத்தியின் சத்தம் நின்றிருந்தது. ஒரோன்சோ கேட்டுக்கொண்டிருந்தான். அவன் நினைத்தால் இரண்டு எட்டு வைத்து உள்ளே வந்து, 'நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் கத்தியின் சத்தம் மறுபடி கேட்டது.

அந்தச் சத்தத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அட்டை போனதைக்கூடப் பொறுத்திருப்பாள்.

"இன்னைக்கு ஒருநாள் அட்டையை நீ எடுத்துக் குடு, வேற ஆள் இல்ல" என்றார் தோன் எவரிஸ்தோ. "ஊர்வலம் முடிஞ்சதும் பேனாவும் சாவியும் எங்கிட்ட வந்துடணும்." பதினாறு வருஷப் பழக்கம், அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் போனதும் லொரேத்தா ஜன்னலைச் சாத்தினாள். வீத்தா பார்த்தால் பார்க்கட்டும்! புது அட்டை ஒன்றை எடுத்தாள். ஐந்து மூக்குப் பேனாவால் கோடு இழுத்தாள். சாவிக்குறி போட்டாள். 'தாயின் நடை'யின் பொம்பார்தினோ பகுதியை முதலிலிருந்து ஒரு புள்ளி பிசகாமல் எழுதினாள். நடுப்பகுதி வந்ததும் பேனாவை மையில் நன்றாகத் தோய்த்தாள். பதினாறு கட்டத்தைத் தனித்தனியாகக் கோடு போட்டுப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் நாலாவது கோட்டிலிருந்து ஒரு கறுப்புச் செங்கலைத் தொங்கவிட்டாள். பதினாறு செங்கல். அவள் எழுதின அட்டைகளிலேயே அழகான அட்டை அதுதான் என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மூன்று மணிக்குக் கோயில் பின்னறையில் அட்டைகளைக் கொடுத்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொத்தன் தன் அட்டையை நுனிவிரலால் வாங்கினான். ஒரோன்சோ வாங்கினான், வழக்கம்போலச் சரிபார்க்க உயர்த்தினான். வேடிக்கைக்காக இரண்டு பேர் இப்போதே சிரிக்கத் தயாராகத் திரும்பினார்கள்.

அவன் கண் அட்டையில் ஓடி, நடுவில் நின்றது. உதடு அசைந்தது. எண்ணுகிறான். லொரேத்தா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லுடா, என்று மனசுக்குள் கெஞ்சினாள். என் பொண்டாட்டிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, ராகத்தையே காணோம்னு கத்து. நாற்பது பேர் முன்னால என்னைத் திட்டு. நீ அந்தப் பெட்டியில கை வைக்கலைன்னு நான் நம்பிக்கிறேன். அவனைத் தப்பாக நினைத்துவிட்டேனோ என்ற ஆசை அவளுக்கு அந்த நிமிஷம்வரை இருந்தது.

ஒரோன்சோ அட்டையைத் தாழ்த்தினான். குழலின் கவ்வியில் செருகினான். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. சிலைக்குப் பின்னால் பெண்கள் நடந்தார்கள். லொரேத்தாவைச் சுற்றி மட்டும் இரண்டு முழம் இடம் விட்டு நடந்தார்கள். 'தாயின் நடை' எழுந்தது. தோர்மாலாக்காரன் தொட்டுவிட்டான் என்பதற்காக எங்கள் மாதாவை வேறு நடையில் தூக்க முடியுமா? நடுப்பகுதி வந்ததும் லொரேத்தாவின் கை கறுப்புத் துணிக்குள் தானாக அசைந்தது. கீழே, உள்ளே, வெளியே, மேலே.

பொம்பார்தினோ பாடியது. பதினாறு கட்டமும் மனப்பாடமாக, ஒரு சுரம் குறையாமல் பாடியது. லா நிமிர வேண்டிய இடத்தில் நிமிர்ந்தது. கண்ணெதிரே பதினாறு கறுப்புச் செங்கல் தொங்க, அவன் அவ்வளவு அழகாக வாசித்தான். சுற்றியிருந்த பெண்கள் அழுதார்கள். "இப்படி வாசிக்கிற மனுஷனுக்கு வாய்ச்ச பொண்டாட்டியைப் பாரு" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. லொரேத்தாவும் அழுதாள். அவள் அழுதது மாதாவுக்காக அல்ல.

ஊர்வலம் முடிந்து தோன் எவரிஸ்தோ அட்டைகளைப் பிடுங்கி எண்ணினார். அவள் பேனாவையும் சாவியையும் அவர் முன்னால் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஒரோன்சோ சாப்பிட்டான், படுத்தான்.

சனிக்கிழமை காலையில் தோன் எவரிஸ்தோ சவரத்துக்கு வந்தார். சனிதோறும் வருகிறவர்தான், அதனால் ஒரோன்சோ சந்தேகப்படவில்லை. கழுத்தைச் சுற்றித் துணி கட்டினான். நுரை பூசினான். கத்தியை வாரில் தீட்டினான். லொரேத்தா திரைக்கு இந்தப் பக்கம் பண்டிகை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"பொறு" என்றார் தோன் எவரிஸ்தோ. துணிக்கடியிலிருந்து கையை வெளியே எடுத்து, நேற்றைய பொம்பார்தினோ அட்டையைக் கண்ணாடி இடுக்கில் செருகினார். "இதைப் படிச்சுக் காட்டு. நடுப்பகுதியிலேர்ந்து. கையால தாளம் போட்டு."

"மாஸ்டர், கையில கத்தி…"

"கத்தியைக் கீழ வை."

ஒரோன்சோ வைத்தான். கையைத் தூக்கினான். கீழே, உள்ளே, வெளியே, மேலே. வாயில் ஒன்றும் வரவில்லை. வரக் கூடாது, அட்டையில் ஒன்றும் இல்லை. தோன் எவரிஸ்தோ பாதி முகம் நுரையோடு, மங்கின கண்ணால் அவன் கையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கட்டம். இரண்டாவது. காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாவது. திரைக்குப் பின்னால் லொரேத்தாவும் எண்ணினாள். நாலாவது. ஐந்தாவது கட்டத்தில் ஒரோன்சோவின் கை நின்றுவிட்டது.

"பதினாறு வருஷமா மை சொட்டினா ஊரைக் கூட்டின" என்றார் தோன் எவரிஸ்தோ. "நேத்து உன் ராகமே காணாமப் போச்சு. ஏண்டா வாயைத் திறக்கல?"

ஒரோன்சோ கண்ணாடியைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். "சுள்ளிப் பெட்டியில கிடந்துச்சு மாஸ்டர்" என்றான் கடைசியில். "எப்படியும் எரியப் போறதுதானேன்னு…"

தோன் எவரிஸ்தோ நுரையைத் துணியால் துடைத்துக்கொண்டு எழுந்தார். பாதிச் சவரத்தோடு அடுப்படிக்கு வந்தார். பேனாவையும் சாவியையும் மாவுப் பலகையின் ஓரத்தில் வைத்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன். "பொம்பார்தினோவுக்கு வேற ஆள் பார்க்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். தோர்மாலாக்காரர்களும் ஒரோன்சோவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுடையதையும் விற்றுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார்களாம்.

கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, சவரமே வேண்டாம் என்று எழுந்து போனார்கள். ஊர் முழுக்கச் செய்தி பரவ அவர்களுக்குப் பத்து நிமிஷம் போதும். ஒரோன்சோ திரையை விலக்கி உள்ளே வந்தான். அவமானத்தில் அவனுக்குக் கோபம் வந்திருந்தது.

"எங்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம்ல? ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

லொரேத்தா மாவுக் கையைத் துடைத்தாள். சாவியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"கேட்டேன்" என்றாள். "பதினாறு கட்டம் கேட்டேன். நீதான் பதில் சொல்லல."